பேர் போட்ட தாள்

தாளை மூன்றாக மடித்து, மடிப்பின் மேல் கவரிங் வளையலை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறாள் அழகுமீனா. மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அடுத்த அறையில் புருசன் செல்லச்சாமி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் அவருக்குத்தான். எட்டிக் கொடுத்தால் கைக்கே போய்விடும். அவள் கொடுக்க மாட்டாள். உறையில் வைத்து, கோந்து தடவி, தபால்தலை ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் தெருமுக்குப் பெட்டியில் போடுவாள். அந்தக் கடிதம் சிவகாசியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தபால்காரப் பெண் ஸ்ரீமதியின் மொபெட்டில் ஏறி, புறப்பட்ட வாசலுக்கே வந்து சேரும்.

"நான் வாயால சொன்னா 'சரி, பாப்பம்'னு வண்டியக் கிளப்பிருவாக. தபால்ல வந்தா கவர்மெண்டே சொன்ன மாதிரி" என்பது அவள் கட்சி.

கடிதத்தின் நடையும் கவர்மெண்டு நடைதான். 'பொருள்: கட்டில் மேல் போடப்படும் ஈரத்துண்டு. பார்வை: எனது முந்தைய கடிதங்கள். ஐயா, மேற்படி பொருள் தொடர்பாகத் தாங்கள் இதுநாள் வரை எவ்வித நடவடிக்கையும் எடுக்கவில்லை என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது.' முடிவில், 'தங்கள் உண்மையுள்ள மனைவி.'

செல்லச்சாமி பட்டாசுப் பெட்டிகளைக் கம்பெனிகளில் ஏற்றிப் பார்சல் ஆபீசில் இறக்கும் வேன் ஓட்டுகிறார். லோடு சீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு எழுத்து வேலை கிடையாது. ஆனால் வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசலிலேயே பிரித்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்துவிடுவார். அன்றைக்கு மட்டும் துண்டு கொடியில் காயும்.

அழகுமீனா அச்சாபீசில் தாள் வெட்டுகிறவள். காலண்டர், டைரி, கல்யாண அட்டை எல்லாம் அவள் மெஷினைத் தாண்டித்தான் வெளியே போகும். கட்டின் ஓரத்தைப் பெருவிரலால் நீவிப் பார்த்து, எந்தத் தாள் துருத்துகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். தீபாவளிக்கு அங்கே எல்லாருக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது வழக்கம். சில வருசத்துக்கு முன், வீட்டில் தூக்குவாளி வைக்க இடமில்லை, தன் பேர் போட்டு ஒரு லெட்டர்பேடு அடித்துத் தர முடியுமா என்று முதலாளி சங்கரபாண்டியனிடம் கேட்டாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். வாசகத்தை அவளே எழுதிக் கொடுத்தாள். மேலே பெரிதாக 'அழகுமீனா.' அதற்குக் கீழே 'கட்டிங் பிரிவு.' அதற்கும் கீழே, பொடி எழுத்தில், 'நேரில் சொல்லிக் கேட்காதவர்களுக்கு மட்டும்.'

அந்த வரியில் அடங்குகிறவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரருக்குச் சேவல் பற்றிக் கடிதம் போனது. கேபிள்காரருக்கு வருசத்துக்கு ஒரு கடிதம் போகிறது. கோயம்புத்தூரில் படிக்கிற மகன் செழியன், அம்மா கடிதத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினான். 'தங்கள் குரல் கிடைக்கப்பெற்றது. கடிதம் கிடைக்கப்பெறவில்லை' என்று மறு தபாலில் பதில் போனது. இப்போது அவன் ஒழுங்காக எழுதுகிறான். ஹாஸ்டலில் அவன் அறைக்காரர்கள், உங்க அம்மாவிடம் சொல்லி எங்களையும் திட்டி ஒரு கடிதம் போடச் சொல் என்கிறார்களாம்.

இத்தனை பேரை எழுத்தால் மடக்கியவளுக்கு ஒரு பேரால் வந்த வம்பைத் தீர்க்க வழி தெரியாமல் இருந்தது.

வம்பு புதுவீட்டுப் பால்காய்ச்சு அட்டையில் தொடங்கியது. அந்த வாரம் அழகுமீனா இருக்கன்குடிக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தாள். அட்டைக்கான பேர்களைச் செல்லச்சாமி வேன் ஓட்டிக்கொண்டே அச்சாபீசுக்குப் போனில் சொன்னார். சித்தப்பா பேர் வந்தது, ஒன்றுவிட்ட மச்சான் பேர் வந்தது, வேன் முதலாளி பேர்கூட வந்தது. கூடப் பிறந்த அக்கா ராக்காயியின் பேர் விட்டுப்போனது. அழகுமீனா திரும்பி வந்தபோது அட்டைகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தன.

அச்சங்குளத்தில் ராக்காயி பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். அஞ்சாப்பு வரை படித்தவள். அட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள், கீழிருந்து மேலே போனாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

"பேரு ஏறாத வீட்டுல என் காலும் ஏறாது."

செல்லச்சாமியும் சளைத்தவரில்லை. "பேருதான விட்டுப்போச்சு, ஆளையா விட்டேன்?" என்றார். ஆனால் போய்ச் சொல்லவில்லை. அக்காவும் வரவில்லை. வருசம் ஓடிவிட்டது.

இதில் அதிகம் நட்டப்பட்டது தான்தான் என்று அழகுமீனா நினைத்தாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராக்காயி மதினி வந்துவிடுவாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, மீன் ஆய்ந்தபடி, செல்லச்சாமியைக் கேலி பண்ணுவார்கள். சின்ன வயசில் அவர் கிணற்றுக்குப் பயந்தது, காதுகுத்தில் மாமா மடியில் மூத்திரம் போனது எல்லாம் மதினி வாயால்தான் அவளுக்குத் தெரியும். புருசனைத் தனியாகக் கேலி பண்ணிப் பார்த்தாள். ருசிக்கவில்லை.

போன ஐப்பசியில் ராக்காயியின் மகள் பொன்மணிக்குத் தை மாசத்தில் கல்யாணம் என்று முடிவானது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் கல்யாணமா? அக்கா தட்டோடு வந்து அழைக்கட்டும் என்று தம்பி இருந்தார். தம்பி வந்து தப்புன்னு சொல்லட்டும் என்று அக்கா இருந்தாள். ஒருநாள் வேனைக் கழுவும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை இருப்பதை அழகுமீனா பார்த்தாள். உள்ளே அரக்கு நிறப் பட்டு. மருமகளுக்கு எடுத்த மாமன் சேலை. மனுசன் யாரிடமும் சொல்லாமல் வாங்கி, கொடுக்க வழியில்லாமல், லோடோடு லோடாக ஊர் ஊராகச் சுமந்துகொண்டிருந்தார். பையைத் தொட்டது தெரியாதபடி திருப்பி வைத்தாள். அன்று ஈரத்துண்டு பற்றிக் கடிதம் எழுதவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், இந்தத் தீபாவளிக்கும் தனக்குப் பாத்திரம் வேண்டாம், நாத்தனாருக்கு ஒரு லெட்டர்பேடு போதும் என்றாள். வாசகத்தை நீட்டினாள். நல்ல கெட்டியான தாள், மேலே ரெண்டு மயில். மயில்களுக்கு நடுவே கொட்டை எழுத்தில் 'ராக்காயி முனியராஜ்.' முனியராஜ் ராக்காயியின் புருசன். அதற்குக் கீழே, பேருக்கும் ஊருக்கும் இடையில், ஒரு வரி: 'செல்லச்சாமியின் உடன்பிறந்த அக்கா.' அதற்குக் கீழே 'அச்சங்குளம்.'

சங்கரபாண்டியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

"இது லெட்டர்பேடா, கண்ணிவெடியா?"

"பேரு மட்டும் வேணும்னு மதினி அந்த வரிய நறுக்கிறக் கூடாது அண்ணாச்சி. நறுக்கினா மயிலு வால் போகணும். அதுக்குத் தக்கன வைக்கச் சொல்லுங்க."

அப்படியே வைத்தார்கள். மயில் தோகைகள் அந்த வரியைச் சுற்றி வளைந்து படுத்திருந்தன. கத்தரிக்கோல் நுழைய இடமில்லை. அனுப்புநர் பேர் இல்லாமல், முகவரியையும் கையால் எழுதாமல் அச்சடித்து ஒட்டி, சாத்தூருக்குப் போன ஒரு நாள் அங்கிருந்து தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. காசு போகவில்லை, தீபாவளித் தூக்குவாளி போனதுதான் மிச்சம் என்று நினைத்தாள். ஒருவேளை மதினி அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தால்? இருந்த கொஞ்ச நஞ்ச உறவையும் தன் குறும்பே கெடுத்துவிட்டதோ என்று பயம் வந்தது. மெஷினில் தாள்கட்டை வைத்துவிட்டுக் கத்தியை இறக்காமல் நின்றாள். பக்கத்து மெஷின்காரி கூப்பிட்ட பிறகுதான் இறக்கினாள்.

ராக்காயி கிழிக்கவில்லை. தன் பேரை அச்சில் அவள் அதுவரை ரேசன் கார்டில்தான் பார்த்திருந்தாள், அதுவும் எழுத்துப் பிழையோடு. மயிலுக்கு நடுவே பார்த்ததும் பேடைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். யார் அனுப்பியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தம்பி நேரில் வர வெட்கப்பட்டு, பெண்டாட்டி கம்பெனியில் சொல்லி அடித்து அனுப்பியிருக்கிறான். 'இருக்கட்டும், வாயத் தொறந்து சொல்லட்டும்' என்று இருந்தாள். ஆனால் பேர் போட்ட தாளைச் சும்மா வைத்திருக்க எத்தனை நாள் மனசு வரும்? முதலில் பந்தல்காரருக்கு எழுதினாள். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு. பிறகு, போனில் பேசி முடித்த விசயத்தையே, சமையல்காரர் ஆண்டிச்சாமிக்கும் ஒரு கடிதமாக எழுதினாள்.

ஆண்டிச்சாமி இருப்பது சிவகாசியில், அழகுமீனா தெருவில். டீக்கடையில் செல்லச்சாமியைப் பார்த்ததும் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவியலா கூட்டா என்று அதில் தெளிவாக இல்லை, உங்க அக்கா எழுத்து எனக்குப் புரியலை, நீங்க பார்த்துச் சொல்லுங்க என்றார்.

செல்லச்சாமி காய்கறிக்கு வரவேயில்லை. மயிலுக்கு நடுவிலேயே நின்றுவிட்டார். டீ ஆறிப்போனது. கடிதத்தை நான் வைத்துக்கொள்கிறேன், கூட்டே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏ மீனா, அக்கா இத அச்சடிச்சு வச்சிருக்கு. ஊருக்கெல்லாம் எழுதுது. எம் பேரப் போட்டு."

அழகுமீனா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். மயில் நல்லா வந்திருக்கு என்றாள்.

"நீ ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டார் அவர். இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா.

"காலண்டர் சீசன்ல மூச்சு விட நேரமில்ல. இதுல லெட்டர்பேடு அடிக்க எந்த முதலாளி விடுவாக?"

கேள்விக்குக் கேள்வியையே பதிலாகச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் அட்டையில் பேரை விட்டேன், அக்கா ஒவ்வொரு தாளிலும் என் பேரைப் போட்டிருக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டது அடுப்படி வரை கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவினாள்.

விடிந்ததும் வேன் லோடு ஏற்றப் போகாமல் அச்சங்குளம் போனது. அங்கே நடந்ததைப் பொன்மணி அத்தைக்குப் போனில் சொன்னாள். மாமா சேலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாராம். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"ஏலே, அங்கன நின்னு என்ன லோடா எண்ணுத? உள்ள வா, தோசை ஆறுது."

அவ்வளவுதான். பால்காய்ச்சு அட்டையைப் பற்றி இவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மறு வாரம் ராக்காயியும் முனியராஜும் தாம்பூலத் தட்டோடு சிவகாசிக்கு வந்தார்கள். வாசலில் ஒரு கணம் நின்று, வலது காலை எடுத்து வைத்து ராக்காயி உள்ளே ஏறினாள். கல்யாண அட்டையில் தாய்மாமன் பேர், மாப்பிள்ளை பேரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அதற்கு முணுமுணுப்பு என்று கேள்வி. அழகுமீனாவும் மதினியும் அடுப்படிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, இது தன்னைப் பற்றித்தான் என்று செல்லச்சாமிக்குத் தெரிந்துபோனது. அவர் முகத்தில் அன்றைக்குக் கோபமே இல்லை.

கல்யாணத்தன்று தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார். அரக்குப் பட்டில் பொன்மணி மணவறையில் உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது, அக்காவும் தம்பியும் மண்டபத்துத் தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அழகுமீனா அவர்களுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, கேக்கணும்னு இருந்தேன்" என்று செல்லச்சாமி குனிந்தார். "அந்த மயிலு போட்ட பேடு எங்கன குடுத்து அடிச்ச? அம்புட்டு அழகா இருக்கு."

ராக்காயி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "நான் எங்கலே அடிச்சேன், நீதான..."

அழகுமீனா தட்டைக் கீழே வைத்தாள். பாட்டுப் போடும் ரேடியோ செட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார், பக்கத்தில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. அவள் மேடையில் கட்டியிருந்த பூவைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, பாட்டுப் பெட்டியில் இருந்த பெரிய சத்தக் குமிழைத் தடவிக் கண்டுபிடித்து, கடைசி வரைக்கும் திருகினாள்.