சப்பாத்துக்குள் துணி வைக்கச் சொன்னவர்

பிள்ளைகளே, எங்கள் திருமண நாளுக்குச் சிங்கப்பூர் விளையாட்டுப் பூங்காவா, ஹாங்காங் பூங்காவா என்று விசாரிக்க, மலேசியாவில், கோலா கெத்திலில் ஒரு பயண முகவரிடம் மகளோடு போனோம். அவள் கேட்ட ஹாங்காங் ரோலர் கோஸ்டருக்கு அவள் உயரம் போதவில்லை.

"சப்பாத்துக்குள்ள துணிய மடிச்சி வெச்சிருங்க அண்ணே, உயரம் வந்துரும் லா," என்று முகவர் சிரித்தார். மகள் உடனே காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றினாள்.

என் மனைவி விடவில்லை. "ஏன் தம்பி, அந்த ரோலர் கோஸ்டர் பாதுகாப்புக் கம்பி பிள்ளைய புடிக்குமா, துணிய புடிக்குமா? நழுவி விழுந்தா நீங்க வந்து ஏந்துவீங்களா?"

ஒரு டிக்கெட் விற்பதற்காகக் குழந்தைக்கே ஏமாற்றச் சொல்லிக் கொடுப்பதா? ராட்டின வாசலில் போட்டிருக்கும் உயரக் கோடு உங்களை அவமானப்படுத்த அல்ல, பிள்ளைகளே, காப்பாற்றத்தான்.

வேறு முகவர் மூலம் சிங்கப்பூருக்கே போய் வந்தோம். இப்போதெல்லாம் எங்கே போனாலும், மகளை ஏற்றாத ராட்டினத்தில் நாங்களும் ஏறுவதில்லை.