குப்புறக் கிடந்தவரின் வரவேற்பு

வருவோரைக் கண்டவுடன் இருக்கை விட்டெழுதல் ஓர் அறம். அதற்குப் பொருள் வேண்டா. பெரும் படிப்பும் வேண்டா. முழங்கால் இரண்டும் மனமும் இசைந்தால் போதும். ஆயினும் ஆள் பாராமல், நாள் தவறாமல் அதனைச் செய்வோர் அரியர். ஆம்பூரில் அவ்வாறு ஒருவர் உண்டு. வாஹித் பாஷா என்பது அவர் பெயர்.

காலணியின் மேற்பாகம் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வெட்டுப் பிரிவின் மேற்பார்வை அவருடையது. அயல்நாட்டிலிருந்து சரக்குப் பார்க்க வருபவர் அறைக்குள் நுழைந்தாலும் எழுவார். நூல்கண்டு கேட்டுத் தையல் பிரிவிலிருந்து பெண்ணொருத்தி வந்தாலும் எழுவார். “பாய்க்கு எதுக்கு நாற்காலி? ஸ்டோர்லயே திருப்பிக் குடுத்துடலாம்” என்று உடன் வேலை செய்வோர் நகைப்பதுண்டு. அவ்வாறு நகைத்தவருக்கும் அவர் எழுந்தே விடைகொடுப்பார்.

மேசைமேல் விரிக்கப்படும் ஒவ்வொரு தோலையும் கண்ணால் துழாவி, உண்ணி கடித்த தழும்பும் முள் கீறிய கோடும் எங்குள்ளனவோ அங்கெல்லாம் வெள்ளிநிறப் பேனாவால் வட்டமிடுவது அவர் பணி. வட்டத்தை விலக்கி வெட்டுவது மற்றவர் பணி. சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, கருமையேறாத வெளிர்த்தோல் கட்டொன்று வந்தது. பிரித்த தோலிலெல்லாம் கரும்புள்ளி. வாஹித் பாஷா வட்டமிட்டார், மேலும் வட்டமிட்டார், தோல்முழுதும் வட்டமாயிற்று.

வெட்டும் பெருமாள் குனிந்து பார்த்தான். “இன்னா பாய், இங்க ஒண்ணுமே இல்லியே!”

“நல்லாப் பாருப்பா. புள்ளி புள்ளியா நிக்குது.”

மேற்பார்வையாளரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கட்டு முழுதும் பதனிடும் சாலைக்குத் திரும்பிப் போயிற்று. பிற்பகலில் அச்சாலையின் ஆள் ஒருவர் அதே கட்டைச் சுமந்துகொண்டு சினத்துடன் வந்து, முற்றத்து வெயிலில் தோல்களை விரித்தார். பால்போல் கிடந்தன. “தோல்ல இல்ல பாய். உங்க கண்ணுல இருக்குது” என்றார் அவர். ஏளனமாகச் சொன்னதுதான், ஆனால் அது உண்மையாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் புள்ளிகள் திரண்டு, வலக்கண்ணின் ஓரத்திலிருந்து கருந்திரை போல் இறங்கின.

வேலூரில் மருத்துவர்கள் பார்த்துவிட்டுத் தாமதிக்கவில்லை. விழித்திரை கிழிந்து, ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்திருந்தது. அறுவை செய்து அதனை அதன் இடத்தில் அமர்த்தி, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை நிரப்பினார்கள். குமிழி மேல்நோக்கியே எழும் இயல்பினது. ஆகவே முகம் நிலத்தைப் பார்த்திருந்தால்தான் அது கண்ணின் பின்புறம் சென்று விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கும். உண்ணவும், தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்யவும் சிறிது நேரம் நீங்கலாக, அவர் முகம் கீழ்நோக்கியே இருக்கவேண்டும். உயரத்தில் குமிழி விரியுமாதலால் விமானம் கூடாது, ஏலகிரி மலைக்குக்கூட ஏறக் கூடாது. தொழுகையைப் படுத்தவாறே சைகையால் நிறைவேற்றலாம் என்று பள்ளிவாசல் இமாம் சொல்லியனுப்பினார்.

வீட்டின் முன்னறையில் நாடாக் கட்டில் ஒன்றைப் போட்டார்கள். தலைமாட்டில் சில நாடாக்களைத் தளர்த்தி விலக்கி, முகம் நுழையும் அளவுக்கு இடைவெளி செய்தாள் அவர் மனைவி அஜீஸுன்னிசா. காலணிக்கு உள்ளட்டையாகும் நுரைத்துண்டுகளை வளையமாகத் தைத்து, நெற்றிக்கும் கன்னத்துக்கும் அணையாக வைத்தாள். அதில் வாஹித் பாஷா குப்புறப் படுத்தார். மூடிய வலக்கண்ணுக்கு உலகம் இல்லை. இடக்கண்ணுக்கு உலகம் என்பது கட்டிலின் கீழுள்ள தரையும், அதைக் கடக்கும் பாதங்களும் மட்டுமே.

நோயுற்றவரைக் கண்டு நலம் கேட்டல் அவர்கள் சமயத்தில் கடமை. எனவே பாதங்கள் வரத் தொடங்கின. கனியோடும் ரொட்டியோடும் வந்தோர் சலாம் சொன்னார்கள். பிறருக்கு எழுந்தே பழகிய உடம்பு அச்சொல்லைக் கேட்டதும் தானே எழுந்தது. “எழாதீங்க பாய்” என்று சொல்லப்படுவதற்குள் அவர் எழுந்து அமர்ந்து, முகம் பார்த்துப் பதில் சலாம் சொல்லி, தேநீர் கொண்டுவரச் சொல்லியிருப்பார். ஜமாஅத் செயலாளருக்கு எழுந்தார்; பால்காரருக்கு எழுந்தார்; வழி தவறி வேறொரு வீட்டைத் தேடி வந்தவருக்கும் எழுந்தார்.

மறுமுறை வேலூருக்குச் சென்றபோது மருத்துவர் கருவியினூடே நெடுநேரம் பார்த்தார். விழித்திரையின் கீழோரம் மீண்டும் தூக்கியிருப்பதாகச் சொன்னார். இன்னும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு; ஆனால் இனியும் தலை நிமிர்ந்தால் இக்கண்ணைப் பற்றித் தாம் எந்த உறுதியும் தர இயலாது என்றும் சொன்னார்.

வீடு திரும்பியதும் அஜீஸுன்னிசா கட்டிலின் அருகே நின்றாள். அவள் பாதங்கள் அவர் கண்ணுக்கு நேரே அசையாமல் இருந்தன.

“ஏங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே ஜனாதிபதியே வந்தாலும் நீங்க எழக்கூடாது. நீங்க எழுந்தா, நான் எங்க அம்மா வீட்டுக்கு எழுந்து போய்டுவேன்.”

“உங்க அம்மா வீடு அடுத்த தெருவுல தானே இருக்குது?”

“அங்கேயிருந்து திரும்பி வர்றதுக்குத் தூரம் ஜாஸ்தி ஆயிடும்.”

அவர் வாக்குக் கொடுத்தார். அன்று முதல் சலாம் வரும்போதெல்லாம் கட்டிலின் சட்டத்தை இருகையாலும் பற்றிக்கொண்டார். தலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. வந்தவர்கள் அவர் பிடரியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். மரியாதை தவறுகிறோமே என்ற துன்பம் அவருக்குக் கண்ணின் வலியை விடப் பெரிதாயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த வேளையில், வாசலில் புதிய பாதங்கள் இரண்டு வந்து நின்றன. இடக்காலின் பெருவிரலில் நகம் இல்லை. சிறுவயதில் ஆட்டுக்கல் விழுந்து போன நகம் அது. வாஹித் பாஷா அதை உடனே அடையாளம் கண்டார். அவர் தம்பி முனீர் பாஷாவின் பாதங்கள் அவை.

முனீர் இராணிப்பேட்டையில் தோலுக்கான சாயம் விற்பவர். அவர் இவ்வீட்டுப் படி ஏறிப் பல ஆண்டுகள் ஆயின. தம் மகன் யாசிருக்கு அண்ணன் மகள் சைராவைக் கேட்டிருந்தார். சைராவுக்கு விருப்பமில்லை. எதிரில் நிற்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல அறியாத வாஹித் பாஷா, அந்தச் சொல்லைப் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் வழியே அனுப்பினார். மறுத்ததை முனீர் பொறுத்தார். ஆள்விட்டு மறுத்ததைப் பொறுக்கவில்லை. சைரா வாணியம்பாடியிலும் யாசிர் வேறிடத்திலும் மணம் முடித்த பிறகும் அது ஆறவில்லை. பெருநாள் தொழுகையில் கண்டால் கைகொடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றது முனீரின் குரல்.

“வ அலைக்கும் ஸலாம். முனீர், வா, வாப்பா. உக்காரு.” தலை அசையவில்லை.

அட்டைப்பெட்டி ஒன்று தரையில் வைக்கப்பட்டது. ஆற்காட்டு மக்கன் பேடாவின் நெய்மணம் கட்டிலுக்கடியில் பரவியது.

“ஷுகர்காரருக்கு மக்கன் பேடாவா?” என்றாள் அஜீஸுன்னிசா, இறுக்கத்தைத் தளர்த்த எண்ணி.

“உங்களுக்குத்தான் பாபி. அவர் என் முகத்தையே பார்க்கல, என் பேடாவைப் பார்ப்பாரா?” என்றார் முனீர் அண்ணியிடம்.

“தம்பி, அவர் தலையைத் தூக்கக்கூடாது. கண்ணு போய்டும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“கடைவீதியில வேற மாதிரி சொன்னாங்களே பாபி. ஆபரேஷன் பண்ண கண்ணோட எல்லாருக்கும் எழுந்து சலாம் சொல்றாராம். பால்காரருக்குக்கூட எழுந்தாராம். என்னைப் பார்த்தா மட்டும் தலை தூக்க முடியலையா? அன்னிக்கு ஆள் விட்டுச் சொன்னார். இன்னிக்குப் பொண்டாட்டிய விட்டுச் சொல்றார்.”

பாதங்கள் திரும்பின. வாசலை நோக்கி ஓரடி வைத்தன.

வாஹித் பாஷாவின் பார்வையில் தரை மட்டும் எஞ்சியது. கண்ணா, தம்பியா என்று அவர் எடைபோட்டதாகத் தோன்றவில்லை. கைகள் சட்டத்தை ஊன்றின. “விடு அஜீஸ். அவங்களுக்கெல்லாம் எழுந்து கெடுத்துக்கிட்டேன். இவனுக்கு எழாம இருக்கவா?” என்று தோளை உயர்த்தினார். நெற்றி அணையை விட்டுப் பிரிந்தது. அஜீஸுன்னிசா வாய்விட்டு அலறினாள்.

அலறல் கேட்டு முனீர் திரும்பினார். நரைத்த தலை நடுநடுங்கி மேலெழுவதையும், கண்மேல் ஒட்டிய மூடியின் ஓரத்தையும் கண்டார். முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்தே தொழும் அம்மனிதர், எவ்வாறு அவ்வளவு விரைவில் கட்டிலருகே வந்தாரோ தெரியவில்லை. விரித்த கையால் அண்ணனின் பின்தலையைப் பிடித்து அணைக்குள் அழுத்தினார்.

“படு பாய்! படுன்னா! பைத்தியமா உனக்கு? கண்ணை எடுத்து எனக்கு விருந்து வைக்கப் போறியா?”

மூத்தவரை ஒருமையில் அழைத்ததை அவரும் உணரவில்லை. கேட்டவரும் குறை கொள்ளவில்லை.

“உன் முகத்தைப் பார்க்கணும்டா.”

“பார்க்கலாம், இரு. நீ மேல வரவேணாம். நான் கீழ வர்றேன்.”

கீழே வருதல் எளிதாயில்லை. முதலில் சுவரைப் பிடித்தார். பின் ஒருபக்கமாகச் சரிந்தார். “யா அல்லாஹ்” என்று ஒரு முழங்காலுக்கும் “யா ரஹ்மான்” என்று மற்றதற்கும் சொல்லி, கடைசியில் தொப்பென்று அமர்ந்தார். பிறகு மல்லாந்து, சட்டை சுருள முதுகால் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கடியில் புகுந்தார். நாடாக்களின் இடைவெளிக்கு நேர்கீழே அவர் முகம் வந்து நின்றது.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தனர்.

“தாடி நரைச்சிடுச்சு” என்றார் மேலிருந்தவர்.

“உன் மூஞ்சி பூரி மாதிரி வீங்கியிருக்குது” என்றார் கீழிருந்தவர்.

வாஹித் பாஷா பழைய பேச்சைத் தாமே எடுத்தார். “முனீர், சைராவுக்கு இஷ்டமில்லடா. யாசிர் மேல குறை ஒண்ணுமில்ல. கூடவே வளர்ந்தவன், அண்ணன் மாதிரின்னு சொல்லிட்டா. இராணிப்பேட்டைக்கு வந்து உன்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும். பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஏற முடியல.”

“இவ்ளோதானே? இதைச் சொல்ல இவ்ளோ வருஷமா?” என்ற முனீர் திடீரென முகத்தைச் சுளித்தார். “பாய், இன்னாது என் மீசை மேல சொட்டுது? மருந்தா, அழறியா?”

“தெரியல. நல்ல கண்ணுலேர்ந்துதான் வருது.”

“அப்போ பரவால்ல. மருந்தை வீணாக்காதே.”

உணவு ஆயிற்று என்று அஜீஸுன்னிசா வந்து சொன்னபோதுதான் முனீரால் எழ இயலாது என்பது தெரிந்தது. “எதிர்வீட்டு ஆளுங்களைக் கூப்பிடட்டா?” என்றாள். “இப்ப வேணாம் பாபி. இறங்கினதே பேஜார். இருந்துட்டுப் போறேன்” என்றார். இரயிலின் மேற்படுக்கையும் கீழ்ப்படுக்கையும் போல் இருவரும் அப்பகலைக் கழித்தனர். இடையில் நலம் கேட்க வந்த அண்டைவீட்டார் சலாம் சொல்ல, கட்டிலுக்கடியிலிருந்து பதில் வந்தது: “பாய் எழமாட்டார். முகம் பார்க்கணும்னா கீழ வாங்க, ஒரு ஆளுக்கு இடம் இருக்குது.” வந்தவர் பயந்து வாசலுக்குப் போய், பின் சிரித்துத் திரும்பினார்.

மாலையில் நால்வர் சேர்ந்து முனீரை வெளியே இழுத்து நிறுத்தினர். அதன்பின் ஓய்வுநாள்தோறும் அவர் இராணிப்பேட்டையிலிருந்து வந்தார். முன்னறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, அண்ணனுக்குப் பதிலாக வருவோரை அவர் வரவேற்றார். எழுவதற்கு மட்டும் கைத்தடி தேவைப்பட்டது.

குமிழி சிறுகச் சிறுகக் கரைந்தது. விழித்திரை ஒட்டிக்கொண்டதாக வேலூரில் சொன்னார்கள். முழுப் பார்வை மீளவில்லை. வலக்கண்ணுக்கு நேர்க்கோடு சற்று வளைந்தே தெரிகிறது. தோலில் வட்டமிடும் பேனா இப்போது பெருமாளிடம் இருக்கிறது. வாஹித் பாஷா அட்டைப்பெட்டிகள் கட்டும் பிரிவில் அமர்ந்திருக்கிறார். அங்கே யார் நுழைந்தாலும் எழுகிறார். ஆனால் எவருக்கேனும் ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்தால், தாமே பேருந்து ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

அவர் வீட்டு வாயிலில் வருவோர் குறையாதிருக்க. அஜீஸுன்னிசாவின் அடுப்பில் சோறு தட்டாதிருக்க. வாணியம்பாடியில் வாழும் மகளும் இராணிப்பேட்டையில் வாழும் தம்பியும் அவ்வீட்டுப் படியைத் தம் படியென ஏறி இறங்குக. அங்குள்ளோர் கண்கள் ஒளி குன்றாது ஒருவர் முகம் ஒருவர் கண்டு நெடிது வாழ்க. எல்லார்க்கும் ஒருவனாகிய இறைவன் அக்குடியைக் காத்தருள்க.