அறுக்காத தர்பூசணி

மாமியார் கடையில் ஒரு தர்பூசணி மட்டும் கத்தி படாமல் இருக்கும். சாக்கின் மேல், தனியாக. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரத்துக் கடை. வெயில் காலத்துப் பௌர்ணமியில் பழம் அறுத்து நிமிர நேரம் இருக்காது. அப்போதும் யாராவது அந்தப் பழத்தைக் கேட்டால், "அது வேற ஆளோடது" என்பார். விடிந்ததும் அது தெருப் பிள்ளைகளுக்குப் போகும். அடுத்த பௌர்ணமிக்கு வேறொன்று வந்து உட்காரும்.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதிக்கு நான் தண்ணி கேன் போடுகிறேன். அங்கே தங்கியிருந்த பெங்காலிக்காரர் ஒரு சாயங்காலம் மொட்டை மாடிச் சுவரில் ஈரான் படம் போட்டார். மாமியாரைக் கூட்டிப்போனேன். மாமனார் செத்த அன்றைக்கே அழாமல் மேளக்காரரோடு சண்டை போட்டவர் அவர். படத்தில் சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்காக ஒரு சின்னப் பெண் தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை.

"இதுக்கா கூட்டியாந்தீங்க மாப்ள?" என்றவர், கொஞ்ச நேரத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏ பாப்பா, இடுப்புல வைடி!" அவள் கேட்கவில்லை. "தலையில துணி இருக்குதே, சுருட்டி சும்மாடு போடுடி!"

விடுதியில் சமைக்கும் பாய் வீட்டம்மா குனிந்து, "யக்கா, அது முக்காடு. எடுக்க மாட்டாங்க" என்றார்.

"பழம் உழுந்தா முக்காடா வந்து புடிக்கும்?"

விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் முதலில் உஷ் என்றார்கள். பிறகு படத்தை விட்டு இவரைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மூச்சு வாங்கப் பழத்தைக் கீழே வைத்தாள். அது உருண்டது. மாமியார் எழுந்து சுவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கரண்ட் வரவில்லை. காலையில் பெங்காலிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து மாமியாருக்கு ஒரே கேள்வி. குழம்பு கொதிக்கும்போது கேட்பார். கோயில் வரிசையில் கேட்பார். "புடிச்சிருப்பாளா மாப்ள?"

"தெரியல அத்தை."

அடுத்த பௌர்ணமிக்கு ஒரு பழத்தை எடுத்துத் தனியாக வைத்தார். "ஒடஞ்சிருந்தா அவளுக்கு இன்னொண்ணு வேணுமே" என்றார். ஈரான் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்குப் பெங்காலிக்காரர் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. வணக்கம் சொல்லும் முன்பே கேட்டேன். யோசித்து, அரைகுறைத் தமிழில் சொன்னார். பழம் உடைந்துபோனதாம். தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டை அள்ளிக்கொண்டு அவளோடு ஓடினார்களாம். ஒருத்தரும் வாயில் வைக்கவில்லையாம். எல்லாத் துண்டும் தம்பியிடம் போய்ச் சேர்ந்ததாம்.

மாமியாரால் இப்போது நடக்க முடிவதில்லை. கடையில் உட்கார்ந்தபடி அதிகாரம் மட்டும் செய்கிறார். போய்ச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொன்னேன், சும்மாடு போடுடின்னு."

பிறகு சாக்கைப் பார்த்தார்.

"அதை எடுத்து அறுங்க மாப்ள. ஜனம் நிக்குது."

அறுத்தேன். நல்ல சிவப்பு.