மூன்று முறை கேட்ட கேசட்

எனக்கு வாய் ஜாஸ்தி என்பார் என் கணவர். அவருக்குக் கை ஜாஸ்தி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சன்னிவேலில் இருந்தோம். அவருக்கு சாஃப்ட்வேர் வேலை. நான் மொழியியல் ஆராய்ச்சி மாணவி. துருக்கிய மொழிகளிலும், சகாலின் தீவில் பேசும் நிவ்க் மொழியிலும் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும் விதம்தான் என் ஆய்வு. நிவ்க்குக்குப் பழைய புத்தகங்களே கதி. துருக்கிக்கு மேல்வீட்டு அம்மாள் கிடைத்தார், இஸ்தான்புல்காரர். சனிக்கிழமை காலைகளில் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று தன் மொழியில் நிதானமாகச் சொல்வார். நான் கேசட்டில் பதிவு செய்வேன். ஆரம்பித்த பிறகு ரெக்கார்டரை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் துறைப் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை மதியம் கணவரின் நண்பர்கள் சாப்பிட வருவதாக இருந்தது. பதிவு நடக்கும்போதே உள்ளே வந்த கணவர் காலி அடுப்பைப் பார்த்தார்.

“கெஸ்ட் வர்றாங்க, இன்னும் குக்கர்கூட வைக்கல. என்னடி பண்ணிட்டிருக்க?”

“டேப் ஓடுது. பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க.”

அறை விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்து என் நெற்றியை அலமாரிக் கதவில் இடித்தார். இரண்டாவது இடியில் புருவம் கிழிந்தது. அந்த அம்மாள் எழுந்து குக்கர் மூடியால் அவர் முழங்கையில் ஓங்கி அடித்தார். வெளி ஆளிடம் அடிபட்ட அவமானத்தில் மனிதர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

சாயங்காலம் திரும்பியபோதுதான் ரெக்கார்டர் அவருக்கு உறைத்தது.

“எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கா? அழிச்சிடு. போலீஸ் கேஸுன்னு போனா என் கிரீன் கார்டு அவ்ளோதான்.”

பிறகு அழுதார். சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். முழு மனதோடுதான் கொடுத்தேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை கேட்டு எழுத வேண்டும், காதில் விழும் எதையும் விடக் கூடாது. வீட்டை. வீட்டுக்கு. அறை. கதவில் இடி, இரண்டு. மூடி விழும் சத்தம். பிறகு நான் மறந்தே போயிருந்த ஒன்று, என் குரல். அதில் அழுகை இல்லை, அலறல் இல்லை. விருந்தாளிக்குக் காபி ஆறிவிட்டதற்கு வருந்துகிற மாதிரி அவ்வளவு பதவிசு.

“சாரி ஆன்ட்டி. ஹி இஸ் எ குட் மேன். ப்ளீஸ் கன்டின்யூ.”

டேப் தீரும்வரை அந்த அம்மாளின் மூச்சு மட்டும் கேட்டது.

ரீவைண்ட் செய்தேன். இரண்டாவது முறை அடியைவிட அந்தக் குரல்தான் வலித்தது. மூன்றாவது முறை அவளை நானே அறைய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

கேசட்டை அழிக்கவில்லை. காரை நேரே போலீஸ் நிலையத்துக்கு ஓட்டினேன். கவுன்டரில் இருந்த அதிகாரி என்ன விஷயம் என்றார். கேசட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“இதைக் கடைசிவரை கேளுங்கள். முடிவில் ஒருத்தி அவன் நல்லவன் என்று சொல்வாள். அவள் சொல்வது பொய்.”