தேசிக்காய்க்கு ஒரு சாண் முன்னால்

எங்கள் கார் எட்டு வருடம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் நின்றது. மாடுகள் எப்போதோ விற்கப்பட்டுவிட்டன. கொட்டகைக்குச் சொந்தக்காரியான விவசாயப் பெண்மணி, குளிர்காலத்தில் மற்றவர்களின் படகுகளையும் கூடார வண்டிகளையும் அதற்குள் நிறுத்த இடம் கொடுப்பார். வெயில் வந்ததும் அவை போய்விடும். எங்களுடையது மட்டும் போகவில்லை. விற்க மனம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அதை யாரும் கேட்கவில்லை. ஸ்டுட்கார்ட் நகருக்குள் வீடு மாறியபோது கார் நிறுத்த இடமில்லை. ரயிலோ வாசலிலேயே நின்றது. பதிவை ரத்துச் செய்து, காரின் மேல் ஒரு தார்ப்பாய்ப் படங்கை இழுத்துவிட்டு வந்தோம். பிறகு இரண்டு வீடு மாறிவிட்டேன். நான் ஓரிடத்தில் இருந்து பழகாதவன். கார் பழகிக்கொண்டது.

வெள்ளைக் கார், நீளமானது. அந்த ஒரு காரணத்துக்காகவே அது ஒரு காலத்தில் எங்கள் சனத்தின் கலியாணக் கார். சனிக்கிழமைகளில் முன்மூடியில் பூமாலை ஒட்டிக்கொண்டு நான்தான் ஓட்டுவேன். பின்சீற்றில் பட்டு வேட்டியோடு வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைமார் எத்தனை பேர்! மண்டப வாசலில் கதவைத் திறந்தால், தலைகளுக்கு எறிந்த அறுகரிசியில் பாதி காருக்குள் விழும். திங்கட்கிழமை கூட்டித் துடைப்பேன். கூட்ட முடியாத இடங்களும் ஒரு காரில் உண்டு.

இந்த வசந்தத்தில் மனைவிக்கு வேலை கிடைத்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், முதியோர் பராமரிப்பில் ஆவுஸ்பில்டுங் என்கிற மூன்று வருடத் தொழிற்பயிற்சி படித்து முடித்திருந்தாள். பிள்ளை வயதுப் பெட்டைகளோடு இருந்து படித்த படிப்பு. வேலை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில். காலை முறை ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் பஸ் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்குள் அவள் மூன்று பேரையாவது குளிப்பாட்டி முடித்திருக்கவேண்டும். அடுத்த மாதத் தொடக்கத்தில் வரமுடியாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். வேறு கார் வாங்க வழியில்லை. இருந்த ஒரே கார் கொட்டகைக்குள்.

வழியும் லேசான வழியல்ல. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழே விழுகிற பாதை. அடிவாரத்தில் பள்ளிக்கூடம், பிள்ளைகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள்.

மன்னார் அண்ணையைக் கூப்பிட்டேன். நகரப் பஸ் ஓட்டுகிறவர். அதற்கு முன் பல வருடம் ஒரு கராஜில் வேலைக்கு நின்றவர். ஊர் மன்னார் என்பதால் எல்லாருக்கும் அவர் மன்னார் அண்ணைதான். சனிக்கிழமை கருவிப் பெட்டியோடு வந்து, படங்கை இழுத்துக் கீழே போட்டு, முன்மூடியைத் திறந்தார்.

காற்று வடிகட்டி இருக்கும் பெட்டிக்குள் எலிக்கூடு. சீற்றுக்குள் இருந்த பஞ்சு, கலியாண மாலையின் சரிகை நூல், யாரோ மாப்பிள்ளை முகம் துடைத்த கடதாசி. எல்லாம் வட்டமாகப் பின்னப்பட்டு, நடுவில் மஞ்சள் ஏறிய அரிசிக் குருணையும் துகளும். பக்கத்தில் வயர்கள் பல்லால் சீவியதுபோல் இருந்தன.

"ஐசே, இது காரில்லை. எலியின்ரை கலியாண மண்டபம்."

"அரிசிக்குத்தான் வந்திருக்கு அண்ணை."

"வராமல்? உங்கட ஆக்கள் அரிசி எறியாமல் ஒருத்தனையும் வாழ விடமாட்டினம்."

"உங்கட சேர்ச் வாசல்லை எறியிறது என்ன, கல்லோ?"

"அது வாசல்லை. நாங்கள் காருக்குள்ளை சமைக்கிறேல்லை."

இரண்டு சனிக்கிழமைகள் போயின. பழைய பெற்றோல் வார்னிஷ் மணத்தது; முழுவதையும் எடுத்தோம். ஒயில் மாற்றினோம். வயர்களை அண்ணை ஒவ்வொன்றாக ஒட்டி, சுற்றி, கட்டினார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் கொஞ்சம் ஒயில் விட்டு, எஞ்சினை முதலில் கையாலேயே மெல்லத் திருப்பினார். இறுகிப்போன ஆளின் தோளை உருவுவதுபோல. புதுப் பற்றறி போட்டு, "இப்ப அடி" என்றார்.

முதல் தரம் இருமியது. இரண்டாம் தரம் கனைத்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. கூரைத் தகரம் அதிர்ந்தது, என் முழங்கால்கள் அதிர்ந்தன, வைக்கோல் தூசி வெளிச்சத்தில் எழும்பி ஆடியது. எட்டு வருடத்து அசைவின்மை ஒரே மூச்சில் வெளியே போனதுபோல் எனக்குப் பட்டது. இப்படியே இதில் ஏறி எல்லை கடந்து போய்விடலாம்; எந்த எல்லை என்பது பிறகு.

"அண்ணை, அடுத்த கிழமையே பதிவுப் பரிசோதனைக்குக் கொண்டு போவமே?"

மனைவி கொட்டகை வாசலில் நின்றாள். மூக்கைச் சால்வையால் மூடியிருந்தாள். மகிழ்ந்த முகமாகத் தெரியவில்லை.

"ஓடுறதை விடுங்கோ," என்றாள். "நிக்குமோ?"

"பிரேக் மிதிச்சால் இறுக்கமாத்தான் இருக்கு."

"மிதிக்க இறுக்கமா இருக்கோ எண்டு கேக்கேல்லை. நிக்குமோ?"

அண்ணை சிரித்தார். "தங்கச்சி கேக்கிறதுதான் கேள்வி. ஓட வைக்கிறது லேசு ஐசே. கரைச்சல் இனித்தான்."

நான் கொஞ்சம் வாதாடினேன். ரயர்களைக் காட்டினேன், ரப்பரில் வெட்டிய தவாளிப்பு ஆழமாக, புதிது போலவே இருந்தன. அவள் குனிந்து, பக்கவாட்டில் அச்சடித்திருந்த இலக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது அந்த ரயர் செய்யப்பட்ட காலம். எங்கள் மகளுக்கு அப்போது பல் விழுந்துகொண்டிருந்தது. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில். விரலால் அழுத்தியபோது ரப்பரில் தலைமுடி அளவு வெடிப்புகள் வாய் திறந்தன.

"எட்டு வருசமா ஓடாமல்தானே கிடந்தது," என்றேன்.

"நான் படிச்ச முதியோர் இல்லத்திலையும் கனபேர் ஓடாமல்தான் படுத்திருக்கினம். அதுக்காக இளமையா இருக்கினமோ?"

அண்ணை தலையைக் காருக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தகரத்தில் மோதித் திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அவள் சொன்னாள்: "படிப்பு தொடங்கின முதல் நாள் வீல்செயார் தந்தவை. தள்ளிப் பழகத்தான் தரினம் எண்டு நினைச்சன். இல்லை. பிரேக் போட்டுக் காட்டச் சொன்னவை. பிரேக் போடாமல் ஒரு ஆளை எழுப்பினால், அந்த ஆள் நிலத்திலை. அவ்வளவுதான்." பிறகு யன்னல் பக்கம் திரும்பினாள். "அந்த இறக்கத்திலை நான்தான் போகவேணும். நீங்கள் இல்லை."

அடுத்த சனிக்கிழமைக்கு அண்ணையை மறுபடி கூப்பிட்டேன்.

நான்கு சில்லுகளையும் கழற்றினோம். முன் பிரேக் தட்டுகள் துருவில் மேடு பள்ளமாகியிருந்தன. பின்சில்லு ஒன்றில் கைபிரேக் அப்படியே ஒட்டிப்போயிருந்தது. நான் நிறுத்தும்போது பத்திரமென்று நினைத்து இறுக்கி இழுத்துவிட்டுப் போனது. அண்ணை சுத்தியலால் தட்டித் தட்டித்தான் பிரித்தார். ரப்பர்க் குழாய்கள் முறுக்கினால் வெடித்தன. பிரேக் எண்ணெய் கறுத்த தேநீர் நிறம். வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் கொதித்துவிடும், பிறகு மிதியில் பலம் இருக்காது என்று அண்ணை விளக்கினார். எல்லாவற்றையும் மாற்றினோம். ரயர்களையும்தான்.

கடைசி வேலை, குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்கவேண்டும். மற்றவர் சில்லடியில் ஒரு சிறிய திருகைத் திறப்பார். ஒரு சிறு குழாய் வழியே கண்ணாடிக் குவளைக்குள் எண்ணெயோடு காற்றுக் குமிழி வரும். அவர் திருகை மூடும்வரை மிதித்த கால் மேலே வரக்கூடாது. நான் உள்ளே இருந்தேன்.

"மிதி!"

"மிதிச்சிட்டன்."

"பிடி... பிடி... பிடி... விடு!"

நான்கு சில்லுக்கும் இதே பாட்டு. எனக்கு நடுவில் அலுத்துவிட்டது. வெளியே ஆப்பிள் மரம் பூத்திருந்தது, ஒரு வண்டு கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் மனைவி வந்தாள். கையில் பையோடு எலுமிச்சைகள், எங்கள் பேச்சில் தேசிக்காய்கள். புதிதாக எடுக்கும் வாகனத்தின் சில்லுகளுக்கு அடியில் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவது எங்கள் வழக்கம். அவள் இரண்டை எடுத்தாள். சில்லடியில் வைக்கவில்லை. பெண்மணியின் சொந்தப் பாதை கொட்டகையிலிருந்து வயல் ஓரம் வரை சரிந்து இறங்குகிறது. அதன் கீழ் முனையில், இரு சில்லுகளும் வரக்கூடிய தடத்தில், இடைவெளி விட்டு இரண்டையும் வைத்துவிட்டு ஏறி வந்தாள்.

"இதென்ன தங்கச்சி, பிள்ளையாருக்கும் பிரேக் சோதனையோ?"

"அண்ணை, நீங்கள் உங்கட மாதாவைக் கும்பிடுங்கோ. தேசிக்காய்க்கு முன்னாலை நிண்டால் எனக்குக் காணும்."

விவசாயப் பெண்மணி வேலியோடு வந்து நின்று, மீன் சுடப் போகிறீர்களா என்று கேட்டார். தேசிக்காயை வேறெதற்கு நிலத்தில் வைப்பார்கள் என்பது அவருடைய யோசனை.

மனைவி ஏறினாள். கார் இறங்கியது. பிரேக் விளக்குகள் எரிந்தன. கார் வேகம் குறைந்தது, குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு தேசிக்காயையும் கடந்து அரைக் கார் நீளம் போய்த்தான் நின்றது.

இறங்கி வந்தாள். நசிந்த ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். சாறு விரலிடுக்கில் ஓடியது. "சுபமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை இப்பிடிச் சுபம் வேண்டாம்."

அண்ணை போய் மிதியை அழுத்திப் பார்த்தார். "பஞ்சு மாதிரிப் போகுது. காத்து இருக்கு." என்னைப் பார்த்தார். "ஐசே, நான் விடு எண்டு சொல்ல முதல் காலை எடுத்தனீரோ?"

"ஒருக்கா எடுத்திருப்பன்."

"ஒருக்கா?"

"ரெண்டு மூண்டு தரம்."

"திருகு திறந்திருக்கேக்கை காலை எடுத்தால் திரும்பக் காத்தை இழுக்கும். நாள் முழுக்க நான் வெளியிலை விட்ட காத்தை நீர் உள்ளுக்கை எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்."

"இவருக்கு ஒரு இடத்திலை காலை வைக்கச் சொல்லி கலியாணம் கட்டின நாளிலை இருந்து சொல்லுறன் அண்ணை," என்றாள் மனைவி. "இறங்குங்கோ."

அவள் ஏறி அமர்ந்தாள். அண்ணை சில்லடியில் குந்தினார். நான் புதுப் பிரேக் எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிதி என்றால் மிதித்தாள். பிடி என்றால் பிடித்தாள். இடையில் அண்ணைக்கு இருமல் வந்தது. திருகு திறந்தே இருக்க அவர் இருமி முடிக்கும்வரை அந்தக் கால் அசையவில்லை. தொடை நடுங்கியதை நான் பார்த்தேன். படுக்கையிலிருந்து ஆட்களைத் தூக்கி நிறுத்துகிற கால்கள் அவை. கண்ணாடிக் குவளைக்குள் குமிழிகள் வந்தன, குறைந்தன, பிறகு எண்ணெய் மட்டும் வந்தது, தெளிவாக, தேன்போல.

பையில் இன்னும் இரண்டு தேசிக்காய் இருந்தது. அதே இடத்தில் வைத்தோம். கார் இறங்கியது. விளக்கு எரிந்தது. நின்றது. மூன்றுபேரும் போய்க் குனிந்து பார்த்தோம்; சில்லுக்கும் காய்க்கும் நடுவே ஒரு சாண். அவள் பின்னுக்கு எடுத்து, இன்னொருமுறை கொஞ்சம் வேகமாக வந்தாள். நின்றது. மூன்றாம் முறையும் நின்ற பிறகுதான் யன்னலை இறக்கி, "இனி நசிக்கலாம்," என்றாள். நசித்துக்கொண்டு போனாள். அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். பெண்மணி கை தட்டினார். ஏனென்று அவருக்குத் தெரியாது.

பதிவு இன்னும் இல்லாததால், பரிசோதனைக்கு இழுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோனோம். பரிசோதகர் உருளைகளின் மேல் சில்லுகளைச் சுழலவிட்டு பிரேக்கை அளந்தார். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததைத் திரையில் காட்டி, பழைய காருக்கு நல்ல பிரேக் என்றார். பதிவும் முடிந்து, பின் இலக்கத்தகட்டில் தேறியதற்கான வட்ட முத்திரை ஒட்டப்பட்டது.

வேலையின் முதல் நாள் காலை, நான் கூட வரட்டுமோ என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். யன்னலில் நின்றேன். எங்கள் தெருவின் முனையிலேயே இறக்கம் தொடங்குகிறது. முதல் வளைவில் சிவப்பு விளக்குகள் எரிந்தன, அணைந்தன. இரண்டாம் வளைவில் எரிந்தன, அணைந்தன. மூன்றாவதை மரங்கள் மறைத்துவிட்டன. தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன்.

ஆறுக்குச் சற்று முன் தொலைபேசி அடித்தது.

"வந்திட்டன்."

"கீழை எப்பிடி? நிண்டதோ?"

"பேப்பர் போடுற பொடியன் ஒருத்தன் வெள்ளைக் கோட்டிலை குறுக்கை ஓடி வந்தவன். நிண்டது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "குளிருக்கு ஹீட்டரைப் போட்டன். மடியிலை ரெண்டு அரிசி பறந்து வந்து விழுந்தது."

"எலி திண்டு மிச்சம் விட்டிருக்கு."

"ஓம். சரி, வைக்கிறன், இனிப் போகவேணும். நீங்கள் நடக்கிறதை விட்டிட்டு ஒரு இடத்திலை இருங்கோ."

இருந்தேன்.