மாமா ஒளித்த மாத்திரை

என் அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருஷமாக ஒரே டிரைவிங் ஸ்கூல், இப்போது இருப்பது மூன்றாவது எல் போர்டு வண்டி. கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் ஒரு பிரேக். மிதித்து மிதித்துப் பழகியதில், டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட இவர் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை அழுத்துவார். 'பிரேக் மாமா' என்று பெயர் வைத்தது நான்தான். கொழுந்தியாளுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

கொரோனா இரண்டாவது சுற்று வருவதற்கு நாலு வருஷம் முன்னால் மனிதர் திடீரென்று மந்தமானார். உடம்பு ஊதியது, வெயில் காலத்திலும் குளிருகிறது என்றார், பச்சை விளக்கு விழுந்த பிறகும் 'போ' என்று சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். வயசாகிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை, ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.

பரிசோதனைக் கூடத்தில் பதினோரு பேர் காத்திருந்தார்களாம், பதினோரு பேரும் பெண்கள். சீட்டை வாங்கிய பெண், "சார், நீங்க வெளிய உட்காருங்க, அம்மாவை உள்ள அனுப்புங்க" என்றாளாம். அவ்வளவுதான். இது பொம்பளை வியாதி, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அதிலும் ஊரையே கிண்டல் செய்கிற நான் இருக்கிறேன். நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மனிதர் என் கடையைத் தாண்டி, பஸ் பிடித்து, இரண்டு நிறுத்தம் போய் வேறு கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாலு வருஷம் மறைத்தவர் இவர் ஒருவர்தான்.

கொரோனா இரண்டாவது சுற்றாக வந்தபோது அவருக்கும் தொற்றியது. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் படிவம் நிரப்பியவர், "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது சார். தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டார்" என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்களை உள்ளே விடவில்லை.

அவரைச் சேர்த்த ஐந்தாம் நாள் மத்தியானம் கடை போன் அடித்தது. மாமா.

"சின்னவளே, நீ மட்டும்தானே இருக்க?"

"கடையில ஏழு பேர் நிக்கிறாங்க. சொல்லுங்க மாமா, எப்படி இருக்கு?"

"நான் வர மாட்டேன்மா."

கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் போனில் யாரோ பேசி அனுப்பிய ஆடியோவைச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார். தைராய்டு இருக்கிறவர்களுக்கு இந்த நோய் வந்தால் உயிரோடு திரும்ப மாட்டார்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று அதில் சொன்னார்களாம்.

"உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்கு இருக்கு. நாலு வருஷமா."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் என்ன கோபம் தெரியுமா? "நாலு வருஷமா என் கடையைத் தாண்டிப் போயா வாங்கினீங்க?" என்று கேட்டேன். மூச்சுக்குத் திண்டாடுகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க மாமா. உடனே."

"சொன்னா, இவன் தேற மாட்டான்னு கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அக்காகிட்டயும் சொல்லாத."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல."

போனை வைத்துவிட்டார். நான் சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை. அடுத்த நிமிஷமே வார்டுக்குப் போன் போட்டேன். நாலாவது முறை நர்ஸ் எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். சின்ன வயசு டாக்டர், தூங்கி எத்தனை நாளாயிற்றோ, குரல் அப்படியே தேய்ந்து போயிருந்தது. மறைத்ததற்காக என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"எவ்வளவு மாத்திரை போடுறார்? தினமும் ஒழுங்கா போட்டாரா? அது எனக்குத் தெரியணும்" என்றார்.

மாத்திரை எங்கே இருக்கும்? காலையில் எழுந்ததும் வண்டி துடைக்கிறேன் என்று மாமா கீழே போவது ஞாபகம் வந்தது. அக்காவிடம் ஓடினேன். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

டேஷ்போர்டில் லைசென்ஸ் விண்ணப்பங்களுக்குப் பின்னால் மாத்திரை பாட்டில் இருந்தது. அதோடு ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொடுக்கும் வருகை அட்டைதான், ஒரு மாதத்துக்கு ஒன்று, வகுப்புக்கு வந்த நாளில் 'டிக்' போடுவார்கள். மேலே 'மாணவர் பெயர்' என்ற இடத்தில் மாமா 'நான்' என்று எழுதியிருந்தார். 'வகுப்பு' என்ற இடத்தில் 'ஐம்பது மைக்ரோகிராம், வெறும் வயிறு'. நாலு வருஷத்தில், ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுவரை, ஒரு நாள்கூட டிக் விடுபடவில்லை. அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவரும் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்க மாட்டார்கள்.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள்.

"தினம் காலையில தனியா வந்து உட்காருவாரே, சிகரெட்டுன்னு நெனச்சேன்டி. நாலு வருஷமா சட்டையை மோந்து மோந்து பார்த்திருக்கேன்."

சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

பாட்டிலையும் அட்டைகளையும் ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்தோம். மறுநாள் காலையில் டாக்டரே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரத்தம் பார்த்தாச்சு, அளவு சரியா இருக்கு. அஞ்சு நாள் விட்டதால குடி முழுகிப் போயிடல, நேத்தே ஆரம்பிச்சுட்டோம். அந்த ஆடியோவை நம்பாதீங்க. தைராய்டு கம்மியா இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களையும், அது இல்லாம வந்தவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. அந்தக் காரணத்தால சாவு அதிகம்னோ, வென்டிலேட்டர் அதிகமா தேவைப்பட்டுச்சுன்னோ அதுல வரல. கொரோனாவுக்கு உள்ள ஆபத்து எல்லாரையும் மாதிரி அவருக்கும் உண்டு. தைராய்டுக்காகத் தனியா பயப்பட வேண்டாம்."

கொஞ்சம் நிறுத்தி, "பயத்துலதான் நேத்து மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டிப் போட்டார். நாடி ஏன் இப்படி ஓடுதுன்னு நாங்க முழிச்சிட்டிருந்தோம். விஷயத்தைச் சொன்ன பிறகு இப்ப தூங்குறார்" என்றார்.

வயிற்றில் பாலை வார்த்தார் அந்த மனுஷன். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, மாமாவை வீடியோவில் பார்த்தோம். தாடி முளைத்திருந்தது. கன்னத்தில் மாஸ்க்கின் தழும்பு.

"ஏங்க, சாகப் போறேன்னு அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"உன்கிட்ட சொன்னா நீ அழுவ. அவகிட்ட சொன்னா திட்டுவா." மூச்சு வாங்கினார். "எனக்கு யாராவது திட்டினா தேவலைன்னு இருந்துச்சு."

"இனிமே அதை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். நர்ஸ் சிரித்ததில் போன் ஆடி, கொஞ்ச நேரம் எங்களுக்குக் கூரைதான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சேர்த்த பன்னிரண்டாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். ஒரு மாடி ஏற மூன்று முறை நின்றார், ஆனால் தன் காலால்தான் ஏறினார். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன்.

காலையில் அக்கா எல்லார் முன்னாலும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மாமா விழுங்கினார். அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. அதுவரை அக்காவும் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

மாமா யோசித்தார். யோசித்த நேரம் கொஞ்சம் அதிகம்.

"ஒண்ணு இருக்கு" என்றார். "உன்ன விட்டுட்டுப் போயிடுவேனோன்னு ரொம்பப் பயந்துட்டேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். காபிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.