திதிக்குப் போன மிதிபாகல்

பாகற்காய்க்கு நீங்கள் மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். என் வயதுப் பெண்களெல்லாம் தங்களுக்கே பார்க்க வேண்டாமென்று வீட்டில் கத்திக்கொண்டிருந்த நாட்களில், நான் மயிலாப்பூர் மொட்டை மாடியில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு கொடிக்கு வரன் முடித்துக்கொண்டிருந்தேன். பெண் மிதிபாகல். குள்ளம், உருண்டை, வாயில் வைத்தால் சாயங்காலம் வரை நாக்கு திட்டும். ஆனால் வெயிலுக்கும் பூச்சிக்கும் அசராத உடம்பு. பையன் நீளப் பாகல், தி.நகரில் ஒரு விதைக்கடையில் பிடித்தது. வெளிர் பச்சை, உயரம், கசப்பு குறைவு, பார்க்க லட்சணம். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் மயங்கி விழுந்துவிடுவான். அம்மாவின் உடம்பும் அப்பாவின் குணமுமாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்பது திட்டம். எல்லாக் கல்யாணத்திலும் இதே திட்டம்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

இது பொழுதுபோக்கு இல்லை. தாவரவியல் முதுகலை, கடைசி வருட ப்ராஜெக்ட். கல்லூரியிலேயே செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கே ஆராய்ச்சித் தோட்டம் என்று ஒரு போர்டு இருக்கிறது. போர்டுக்குப் பின்னால் பேராசிரியர்களின் கார்கள் நிற்கின்றன. என் கைடுடைய காருக்கு அதில் நல்ல நிழல்.

"செமஸ்டர் முடியறதுக்குள்ள கலப்பு விதை என் டேபிளுக்கு வந்திருக்கணும்மா" என்றார் அவர். "வரலைன்னா ஒண்ணும் கவலைப்படாத. போன பேட்ச் பசங்க எடுத்த டேட்டா இருக்கு, அத எக்ஸெல்ல ஏத்து. அதுவும் ஆராய்ச்சிதான்."

எக்ஸெல்லில் ஏற்றுவதற்கு நான் எதற்கு ஐந்து வருடம் இலையையும் பூவையும் வெட்டிப் படம் போட்டேன்? மாடியில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாடி எங்களுடையதில்லை என்பது வழியில்தான் ஞாபகம் வந்தது.

நாங்கள் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் மாமாவும் மாமியும். மாமா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி, ஹைப்ரிட். அவருடைய சர்க்கரை வியாதி, சாம்பாரில் வாசனை இல்லாதது, மகன் போன் பண்ணாதது எல்லாவற்றுக்கும் காரணம் ஹைப்ரிட்தான். "தக்காளி ஹைப்ரிட், நாய் ஹைப்ரிட், இப்போ காரும் ஹைப்ரிட்டாம்!" என்று பேப்பரைத் தட்டித் தட்டிப் படிப்பார். அவரிடம் போய்த்தான் நான் அனுமதி கேட்க வேண்டும்.

"மாடில என்னடி பண்ணப்போறே?"

"பாவக்கா போடப்போறேன் மாமா. காலேஜுக்கு."

"நாட்டுக்காய்தானே? ஹைப்ரிட் கிப்ரிட்னு என் ஆத்து மாடிக்கு எதையும் ஏத்தப்படாது. சொல்லிட்டேன்."

"சேச்சே, சுத்தமான நாட்டுக்காய் மாமா."

பாதி நிஜம். அம்மா நாட்டுக்காய்தான். அப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டியாக ஒரு காய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். நாளைக்கு விரியப்போகிற பூக்களை முதல் நாள் சாயங்காலமே கண்டுபிடித்து மூடிவிட வேண்டும். விட்டால் தேனீ வந்து தன் இஷ்டத்துக்குச் சம்பந்தம் பேசிவிட்டுப் போய்விடும். விடிந்ததும் கையை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, திரும்ப மூடி, யாருக்கு யார் என்று சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். காய் பிடித்ததும் பழ ஈ முட்டை வைக்காமலிருக்கத் துணிப்பை. அந்தப் பைகள் என் கிளாஸ்மேட் ஒருவன் உபயம். அவனுடைய அத்தா ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். வெள்ளை மல் துணியில், நாடா எல்லாம் கோத்து, ஒரு டஜன் குட்டிப் பைகள் தைத்துக் கொடுத்தார்.

"அத்தா கேக்குறாரு, இது எந்தக் கொயந்திக்கு ஜட்டின்னு" என்றான் அவன்.

"பொறக்கப்போற கொழந்தைக்குன்னு சொல்லு."

ஒன்பது பூவுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். மூன்று பிஞ்சிலேயே வெம்பி விழுந்தன. இரண்டை அணில் பையோடு கடித்தது. ஒரு மழை மூன்றைக் கொண்டுபோனது, நீளப் பாகல் கொடியையும் சேர்த்து. அதாவது மாப்பிள்ளை காலி. மிச்சம் ஒரே ஒரு காய். அது பழுத்து, ஆரஞ்சு நிறமாகி, வெடிக்கிற நேரத்தில் விதை எடுத்தால் எனக்கு ப்ராஜெக்ட். இல்லையென்றால் எக்ஸெல்.

அந்த ஒற்றைக் காயை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என்னை என் அம்மா பார்த்துக்கொண்டதில்லை. இதை அம்மாவே சொன்னாள். ஒரு நாள் காலை மாமா மாடிக்கு நடைப்பயிற்சிக்கு வந்தார்.

"கையெல்லாம் துடைச்சிண்டு, மூக்கு வாயெல்லாம் துணியக் கட்டிண்டு, ஒருத்தரோடயும் பேசாம என்னடி பண்ணிண்டிருக்கே? ஏதாவது பூஜையா?"

"யார் கையும் இது மேல படக்கூடாது மாமா. ஒரு ஈ, எறும்புகூடக் கிட்ட வரக்கூடாது. அதான் பை."

மாமா அந்த வெள்ளைத் துணிப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு மரியாதை. "பேஷ்" என்றார். அறிவியலை எளிய தமிழில் விளக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அவருடைய அகராதியில் நான் சொன்னதற்குப் பெயர் மடி, அதாவது ஆசாரச் சுத்தம், என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தப் பூவுக்குக் கல்யாணமான பதினாறாம் நாள் எனக்குக் காலை வகுப்பு. பதினோரு மணிக்குத் திரும்பி நேராக மாடிக்குப் போனேன். காய் இல்லை. காம்பு கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி சுத்தமாக இருந்தது. என் சீட்டு கைப்பிடிச் சுவரில், பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லோடு இருந்தது. துணிப்பை துவைக்கப்பட்டு, துணி உலர்த்தும் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

ராயப்பேட்டைக்காரனுக்குப் போன் போட்டேன். "மச்சி, காயக் காணோம்டா."

"அணிலா?"

"அணில் பையத் தொவைச்சு, கிளிப்பு போட்டுக் காயப்போடுமா?"

"தோ, வந்துகினே இருக்கேன்."

கீழே இறங்கினேன். வாசலில் கோலம் இல்லை. உள்ளே மந்திரம் சொல்லும் வாத்தியார் குரலும் நெய்ப் புகையும். அப்போதுதான் புரிந்தது, இன்று மாமாவின் அப்பாவுக்குத் திதி. திதிச் சமையலில் தக்காளி, கேரட், முட்டைகோஸ் எதுவும் நுழைய முடியாது, வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் என்று நாட்டுக்காய் மட்டும்தான். அதிலும் மிதிபாகல் என்றால் ராஜ மரியாதை.

பின்பக்கக் கதவுக்கு ஓடினேன். மாமி மடிப்புடவையில் அடுப்படி வாசலில் நின்றபடி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள். "கிட்ட வராதே! அங்கேயே நில்லு!"

"மாமி, மாடில ஒரு காய் இருந்துச்சு..."

"நீ மகராசியா இருக்கணும்டி கொழந்தே! மாமா சொன்னார். யார் கையும் படாம, ஈ எறும்பு அண்டாம, திதிக்குன்னே பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்னு. இந்தக் காலத்துல யாருக்குடி இப்படித் தோணும்?"

எனக்குத் தோணவில்லை என்பதுதான் பிரச்சினையே. "சமைச்சிட்டீங்களா?"

"எப்பவோ. ஒண்ணே ஒண்ணுதானே, போறலை. மாட வீதிலேர்ந்து கால் கிலோ மிதிபாகல் வாங்கிண்டு வந்து கலந்துட்டேன்."

"வெதை? உள்ள வெதை இருந்திருக்குமே?"

"அதையேன் கேக்கறே, உன்னோடது முத்திப்போயிடுத்து. கடைக்காரன் வேற நாலு முத்தலைத் தள்ளிவிட்டிருக்கான். எல்லாத்தையும் நோண்டி பக்கெட்ல போட்டுட்டேன்."

முத்திப்போயிடுத்து! அந்த வார்த்தையைக் கேட்டு மயிலாப்பூரில் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். முத்தின விதை என்றால் முளைக்க வாய்ப்பிருக்கிறது. பச்சை பக்கெட் மாமிக்குப் பின்னால், அடுப்படிப் படியில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடி. வாத்தியார்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அந்தப் பத்தடியை நான் தாண்டக் கூடாது. பழ ஈயை நான் எப்படி நடத்தினேனோ, மாமி என்னை அப்படி நடத்தினாள்.

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது.

மாமி பக்கெட்டைக் காலால் தள்ளிப் பக்கவாட்டு கேட்டுக்கு வெளியே வைத்தாள். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள், வண்டியோடு வந்த அக்கா அதைத் தூக்கிவிட்டாள். நல்லவேளை, அதே நேரத்தில் ஸ்கூட்டரை நடுரோட்டில் போட்டுவிட்டு என் நண்பன் அந்த பக்கெட்டின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அத்த வுடுக்கா. எங்களுக்கு ஓணும்."

"இன்னா நைனா, தங்கம் கிங்கம் கீதா உள்ள?"

"பாவக்கா வெத கீதுக்கா. காலேஜ் பரீச்சைக்கு."

அக்கா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் படிக்காத குப்ப பொறுக்கினு கீறேன். நீங்க படிச்சிட்டுப் பொறுக்குறீங்களா? நல்லா இருங்க" என்று பக்கெட்டை விட்டுவிட்டுப் போனாள். இதுவரை என் பட்டப்படிப்பைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதுதான் நியாயமானது.

மாடியில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினோம். வாழைக்காய்த் தோல், புடலங்காய்க் குடல், கறிவேப்பிலைக் காம்பு. அதற்குள்ளிருந்து பாகல் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் போட்டோம். இளசு எல்லாம் மிதந்தது. பதினொன்று மூழ்கியது. அந்தப் பதினொன்றும் முத்தினவை.

அதில் என்னுடையது எது, மாட வீதியுடையது எது?

தெரியாது. பார்த்தால் தெரியவே தெரியாது. காயின் சதை, விதையின் ஓடு எல்லாமே அம்மாவின் உடம்பு. அப்பா யார் என்பது ஓட்டுக்குள்ளே இருக்கிற கருவுக்கு மட்டும்தான் தெரியும். என் காயின் அம்மாவும் மிதிபாகல், கடைக்காயின் அம்மாவும் மிதிபாகல். அதனால் விதைகளெல்லாம் ஒரே முகம். இதில் ஒரு அழகைக் கவனியுங்கள். மாமாவின் அப்பா சாப்பிட்ட சதை நூறு சதவீதம் நாட்டுக்காய். ஹைப்ரிட் மொத்தமும் குப்பைக்குப் போயிருந்தது. நான் சொன்ன பொய்யை மாமி கத்தியால் செதுக்கி உண்மையாக்கியிருந்தாள்.

"இன்னா மச்சி, யோசிச்சிகினு கீற?" என்றான் நண்பன். "பதினொண்ணும் க்ராஸுன்னு எயுதிக் குடுத்துடு. பாவக்கா வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

நேர்மையைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதலாம்தான். உண்மை என்னவென்றால், கவரை எடுத்து 'கலப்பு - 11' என்று எழுதினேன். பேனா மூடியைக்கூடப் போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு மாமா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"உனக்கு ஒரு எள்ளுருண்டையாவது குடுக்கணும்னு மனசு அடிச்சுக்கறது. திதிப் பட்சணம், வெளில குடுக்கப்படாது. தப்பா எடுத்துக்காதே" என்றார். "அப்பாவுக்கு மிதிபாகல்னா உசுருடி. ஆஸ்பத்திரில கடைசியாக் கேட்டதும் அதான். டாக்டர் வேண்டாம்னுட்டார், நானும் வேண்டாம்னுட்டேன். வருஷா வருஷம் கடைக்காயப் போட்டுண்டிருந்தேன். இன்னிக்குத்தான் ஏதோ ஒழுங்காப் பண்ணின மாதிரி இருக்கு."

அவரைத் திட்ட நான்கு மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் குனிந்து செய்தித்தாளைப் பார்த்தார்.

"இதென்ன, குப்பைய நோண்டிண்டு?"

சொன்னேன். தி.நகர் மாப்பிள்ளை, ஒன்பது பூ, எக்ஸெல், எல்லாவற்றையும். ஹைப்ரிட் என்ற வார்த்தை வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். சதை நாட்டுக்காய்தான் என்பதை இரண்டு தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை நண்பன் விளக்கினான்.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?"

"சொல்லியிருந்தா மாடி குடுத்திருப்பீங்களா மாமா?"

யோசித்தார். "மாட்டேன்."

மாமா விதைகள் பக்கம் விரலை நீட்டினார்.

"சரி, இதுல எது உன்னோடது?"

"தெரியாது மாமா. போட்டு வளத்தாத்தான் தெரியும். காய் கொஞ்சம் நீளமா வந்தா என்னோடது. உருண்டையா வந்தா மாட வீதி."

சொல்லி முடித்தபின்தான், என் கையில் 'கலப்பு - 11' என்று எழுதின கவர் இருப்பது கண்ணில் பட்டது. மாமாவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கவரைக் கிழித்துவிட்டு வேறொன்றில் 'தெரியாது - 11' என்று எழுதினேன்.

மறுநாள் கைடு அந்தக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெரியாதுன்னு ஒரு ரிசல்ட்டாம்மா?" என்றார். "போய் விதை. செமஸ்டருக்குள்ள ஒரு நீளக் காயாவது காட்டு. அதுவரைக்கும் எக்ஸெல் ஃபைல உனக்கு மெயில் பண்ணி வெக்கிறேன்."

பதினொன்றையும் பதினொரு தொட்டியில் போட்டேன். ஏழு முளைத்தது. ஏழுக்கும் சணல் கட்டிக் கொடி ஏற்றியாகிவிட்டது. செமஸ்டர் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பாகலில் முதலில் ஆண் பூதான் வரும், பெண் பூ பின்னால்தான் வரும். இன்று காலை வரை ஏழு கொடியிலும் ஆண் பூ மட்டும்தான்.